டெலிகன்வெர்ட்டரா, நீண்ட லென்ஸா: ஊசுட்டேரிக் கரையில் போட்ட கணக்கு

கடலூரில் என்னுடன் பணிபுரியும் இளைஞர் ஒருவர், ஒருவர் பயன்படுத்திக் கைமாற்றிய நிக்கான் டி7200 கேமராவையும் அதனுடன் வந்த 70–300 மி.மீ. லென்ஸையும் வாங்கி, மார்கழி மாதம் முழுவதும் ஞாயிறுதோறும் பறவைப் படம் எடுக்கப் புதுச்சேரி அருகே உள்ள ஊசுட்டேரிக்குப் போய்வந்தார். எடுத்த படங்களைக் கணினியில் காட்டியபோது, நடுவில் புள்ளிபோலத் தெரிந்த ஊசிவால் வாத்துகளைச் சுட்டி, "அண்ணே, பெரிய லென்ஸ் விக்கிற விலைக்கு நமக்குக் கட்டுப்படியாகாது. இதுலயே 2 எக்ஸ் டெலிகன்வெர்ட்டர் ஒண்ணு போட்டா 300, 600 ஆயிடும்னு சொல்றாங்களே, அது போதாதா?" என்று கேட்டார். போதாது என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் போதாது என்பதும், எவருக்கு அது போதும் என்பதும் தெரிந்தால்தான் இருக்கிற பணத்தை எங்கே போடுவது என்று அவரே முடிவெடுக்க முடியும் என்பதால், இரண்டு மாலைப் பொழுதுகளில் அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே எழுதுகிறேன்.

டெலிகன்வெர்ட்டர் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பொருத்தப்படும் சிறிய கண்ணாடித் தொகுதி. லென்ஸ் ஏற்கெனவே உருவாக்கிய பிம்பத்தின் நடுப்பகுதியை அது 1.4 மடங்கோ 2 மடங்கோ விரித்து, ஒளியைப் பதிவுசெய்யும் சில்லான சென்சாரின் மேல் பரப்புகிறது. ஒரு கரண்டி மாவை அகலமாகத் தேய்த்தால் தோசை பெரிதாகுமே தவிர மாவு கூடாது. அதுபோல, விரிந்த பிம்பத்தில் வெளிச்சம் அதே அளவுதான். 1.4 எக்ஸ் போட்டால் சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி பாதியாகிறது, அதாவது ஒரு ஸ்டாப் இழப்பு. 2 எக்ஸ் போட்டால் கால்பங்காகிறது, இரண்டு ஸ்டாப் இழப்பு. எஃப் எண் என்பது லென்ஸ் உள்ளே விடும் ஒளியின் அளவு, எண் கூடினால் ஒளி குறையும். எஃப்/4 லென்ஸ் எஃப்/5.6 ஆகவும் எஃப்/5.6 லென்ஸ் எஃப்/8 ஆகவும் மாறுவது 1.4 எக்ஸினால், அதே எஃப்/5.6 லென்ஸ் 2 எக்ஸில் எஃப்/11 ஆகிவிடும்.

இதை இன்னொரு விதமாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். குவியத் தூரத்தை, அதாவது லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்ணை, எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாயின் விட்டம் கிடைக்கும். 300 மி.மீ. எஃப்/5.6 லென்ஸுக்கு அது சுமார் 54 மி.மீ. அதில் 2 எக்ஸ் போட்டு 600 மி.மீ. எஃப்/11 ஆக்கினாலும் விட்டம் அதே 54 மி.மீ.தான். 150–600 மி.மீ. எஃப்/6.3 லென்ஸின் நீண்ட முனையில் இந்த விட்டம் 95 மி.மீ. பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே தொலைவில் நிற்கும் ஒரே பறவையிடமிருந்து இரண்டாவது லென்ஸ் மூன்று மடங்குக்குமேல் ஒளியைச் சேகரிக்கிறது. இரண்டையும் "600" என்று ஒரே பெயரில் அழைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. லென்ஸ் வாங்கப் போகிறவர் பெட்டியின்மேல் உள்ள குவியத் தூரத்தைப் பார்க்கும்போது இந்த விட்டத்தையும் மனத்துக்குள் வகுத்துப் பார்த்துக்கொண்டால், பாதி விளம்பரம் அங்கேயே அடங்கிவிடும்.

அப்படியானால் டெலிகன்வெர்ட்டர் இல்லாமலே எடுத்து, வீட்டுக்கு வந்து படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால் என்ன? இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஆனால் உண்மையான போட்டி டெலிகன்வெர்ட்டருக்கும் இந்த வெட்டலுக்கும்தான். 1.4 மடங்கு வெட்டினால் 24 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 12 ஆகிவிடும். சென்சாரின் பாதிப் பரப்பு மட்டுமே பயன்படுவதால் அதற்கேற்ப இரைச்சலும் (படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகளும்) கூடித் தெரியும். டெலிகன்வெர்ட்டரில் முழுச் சென்சாரும் பயன்படும். ஆனால் ஒரு ஸ்டாப் இழப்பை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) இரட்டிப்பாக்குகிறோம். ஆகவே இரைச்சலைப் பொறுத்தவரை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் வந்து நிற்கின்றன. மிஞ்சும் ஒரே லாபம், பறவையின்மேல் விழும் பிக்சல்களின் எண்ணிக்கை இரட்டிப்பாவது. அந்தக் கூடுதல் பிக்சல்களில் எழுதுவதற்கு லென்ஸிடம் நுணுக்கம் மிச்சமிருந்தால் அது லாபம். இல்லாவிட்டால் மங்கலான இறகையே பெரிதாக எழுதிய கதைதான். கூர்மையான ஒற்றைக் குவிய (ஜூம் ஆகாத) லென்ஸ்களில் மிச்சமிருக்கும். 70–300 வகை லென்ஸ்கள் 300 முனையில் ஏற்கெனவே தம் எல்லையில் நிற்பவை. போதாக்குறைக்கு, எஃப்/11 துளையில் ஒளியின் விளிம்பு விலகலால் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஏறத்தாழ 15 மைக்ரான் அகல வட்டமாகப் படிகிறது. டி7200 சென்சாரின் பிக்சல் அகலம் சுமார் 4 மைக்ரான். ஒரு புள்ளி நான்கு பிக்சல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும்போது, பிக்சல் கூடியதால் பயன் இல்லை.

அடுத்து, எவ்வளவு தொலைவுக்கு எவ்வளவு குவியத் தூரம் என்பது. இதற்கு எளிய சூத்திரம் உண்டு: பறவையின் அளவைக் குவியத் தூரத்தால் பெருக்கித் தொலைவால் வகுத்தால், சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவு கிடைக்கும். 16 செ.மீ. நீளமுள்ள சிறிய நீல மீன்கொத்தி 10 மீட்டரில் உட்கார்ந்திருந்தால், 300 மி.மீ. லென்ஸ் 4.8 மி.மீ. பிம்பம் தரும், 4 மைக்ரான் பிக்சலில் அது 1,200 பிக்சல். படத்தின் மொத்த அகலம் 6,000 பிக்சல் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு. கைப்பேசியில் பார்ப்பதற்கு இது தாராளம். ஏ3 அளவில் அச்சிட்டு மாட்டுவதற்குச் சற்றுக் குறைவு. அதே பறவை 30 மீட்டருக்குப் போய்விட்டால் 300 மி.மீ. லென்ஸில் 400 பிக்சல்தான்; 600 மி.மீ. இருந்தால் 800. கவனிக்க வேண்டியது இன்னொன்று: 30 மீட்டர் தொலைவை 21 மீட்டராகக் குறைத்தால் 1.4 எக்ஸ் போட்டதன் பலன் அப்படியே கிடைக்கிறது, ஒரு பைசாவும் ஒரு ஸ்டாப்பும் இழக்காமல். கூடு கட்டியிருக்கும் பறவையை நெருங்கக் கூடாது என்பது வேறு. அங்கே நெருங்குவதற்காக எந்தக் கணக்கும் போடக் கூடாது.

ஆனால் நெருங்குவது என்பது இடத்தைப் பொறுத்தது. நம் பக்கத்து இடங்களையே எடுத்துக்கொள்வோம்.

புதுச்சேரிக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கும் நடுவே பரந்து கிடக்கும் ஊசுட்டேரியில் நீங்கள் நிற்பது கரையில். பறவைகள் இருப்பது நீரின் நடுவில். 2008இல் புதுச்சேரி அரசு தன் பக்கத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்த இடம் அது. இறங்கி நடந்து நெருங்குவது என்ற பேச்சே இல்லை. 100 மீட்டரில் நிற்கும் மஞ்சள் மூக்கு நாரைக்கு, அது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள பறவை என்பதால், 300 மி.மீ. லென்ஸ் சுமார் 750 பிக்சலும் 600 மி.மீ. லென்ஸ் சுமார் 1,500 பிக்சலும் தரும். 150 மீட்டரில் மிதக்கும் ஊசிவால் வாத்துக்கு 600 மி.மீ. லென்ஸிலும் 550 பிக்சல்தான். என்ன இனம் என்று உறுதிசெய்ய அது போதும். படம் என்று சொல்லிக்கொள்ளப் போதாது. இந்த ஏரிக்கு எவ்வளவு நீளமான லென்ஸ் வாங்கினாலும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றுதான் தோன்றும். அந்த ஆசைக்கு ஏரி பொறுப்பல்ல.

பாகூர் ஏரியின் நிலைமை வேறு. கரையும் வயல் வரப்பும் ஒட்டி வருவதால், நத்தைகுத்தி நாரைகளும் பஞ்சுருட்டான்களும் 15 முதல் 40 மீட்டருக்குள் கிடைக்கும். உழவு நடக்கும் நாளில் டிராக்டரின் பின்னால் வரும் கொக்குகள் மனிதரைப் பொருட்படுத்துவதே இல்லை. 400 மி.மீ. இங்கே நல்ல அளவு. 500 இருந்தால் நிறைவு.

பிச்சாவரம் மூன்றாவது வகை. சதுப்புநிலக் கால்வாய்களுக்குள் துடுப்புப் படகில் போகும்போது, மீன்கொத்தி சில சமயம் ஐந்தாறு மீட்டரில் வேரின்மேல் உட்கார்ந்திருக்கும். அடுத்த திருப்பத்தில் செம்பருந்து தலைக்கு மேல் 30 மீட்டரில் சுற்றும். படகில் முக்காலி விரிக்க முடியாது. எழுந்து நின்றால் படகோட்டி, "சார், உக்காந்தே எடுங்க, படகு ஆடுது பாருங்க" என்று சொல்லிவிடுவார், அதுவும் நியாயமே. அங்கே கையில் தாங்கக்கூடிய எடையும், 100இலிருந்து 400 வரை விரல் நுனியில் மாறும் ஜூமும், மிக அருகிலும் ஃபோகஸ் ஆகும் தன்மையும்தான் படத்தைத் தருகின்றன. கனமான 600 ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அலையாத்திக் கிளைகளுக்குள் பறவையைத் தேடிய ஓர் அனுபவத்துக்குப் பிறகு, அதை நான் அங்கே கொண்டு போவதில்லை.

தேவனாம்பட்டினம் கடற்கரையைப் பற்றி ஒரே வரி: ஆலாக்களும் கடற்காகங்களும் தாமாகவே அருகில் வரும், லென்ஸுக்கு வரும் ஆபத்து உப்புக் காற்றுதான்.

இனி வெளிச்சம். வலசைப் பறவைகள் நம் பக்கம் வந்து சேரும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பல காலைகளில் வானம் மூடியே இருக்கும். தெளிந்த நாளில் சூரியன் சற்று ஏறிய பிறகு, பறக்கும் பறவைக்கு 1/2000 வினாடி ஷட்டர் வைக்க எஃப்/5.6இல் ஐஎஸ்ஓ 800 போதுமானதாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எஃப்/8இல் அது 1,600, எஃப்/11இல் 3,200. அதே இடத்தில் மேகம் மூடி இரண்டு ஸ்டாப் குறைந்துவிட்டால் இந்த மூன்று எண்களும் 3,200, 6,400, 12,800 என்று மாறும். டி7200 போன்ற கிராப் சென்சார் (35 மி.மீ. பிலிமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 3,200 வரை நான் தயங்காமல் போவேன். 6,400இல் இறகின் மெல்லிய கோடுகள் கரையத் தொடங்கும். 12,800இல் எடுத்த படத்தை அழிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதே நேர விரயம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 போதும் என்பதால் இரண்டு ஸ்டாப் திரும்பக் கிடைக்கும். ஆகவே எஃப்/8இல் எடுக்கும் டெலிகன்வெர்ட்டர் படங்கள் பெரும்பாலும் அசையாத பறவைகளுக்கே ஏற்றவை.

வெளிச்சத்தைவிட நம்மவர்கள் குறைத்து மதிப்பிடுவது கானலை. தரையும் கரைக்கல்லும் காய்ந்த ஏரிச் சேறும் சூடேறியதும், மேலெழும் சூடான காற்றும் அதன் மேலுள்ள குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. இடையில் கிடக்கும் நூறு மீட்டர்க் காற்று முழுவதும் நெளியும் கண்ணாடிபோல ஆகிவிடுகிறது. மாசி மாதத்துத் தெளிந்த நாளில் ஊசுட்டேரிக் கரையில் காலை ஒன்பது மணிக்கே இது தெரிய ஆரம்பித்துவிடும். மார்கழிப் பனிக்காலையில், நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில், சூரியன் ஏறும் முன்பே நீர்மட்டத்தில் இலேசாக உண்டு. கானலை எந்த லென்ஸும் வெல்லாது; குவியத் தூரம் கூடக்கூட அதையும் சேர்த்தே பெரிதாக்கும். ஒரே பறவையைத் தொடர்ச்சியாக இருபது படம் எடுத்துப் பாருங்கள்: எல்லாமே ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் ஃபோகஸையோ லென்ஸையோ சந்தேகிக்கலாம், ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக நெளிந்து, நடுவில் இரண்டு மட்டும் கூர்மையாக இருந்தால் குற்றவாளி காற்று. ஏசி ஓடும் காரின் சன்னலை இறக்கி அதன் வழியே எடுக்கும்போதும் இதே கோளாறு நேர்கிறது. உள்ளிருக்கும் குளிர்காற்று சன்னலில் வெளிக்காற்றோடு கலப்பதுதான் காரணம். இதை அறியாமல் நல்ல லென்ஸை விற்றுவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். எஞ்சினையும் ஏசியையும் அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து எடுத்தால் சரியாகிவிடும்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த இளைஞரின் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, அவர் கேட்டதேதான்: 70–300 லென்ஸில் டெலிகன்வெர்ட்டர். நிக்கானின் சொந்த டெலிகன்வெர்ட்டர்கள் அந்த லென்ஸுக்குப் பொருந்தா. கேனானிலும் 55–250, 70–300 வகை லென்ஸ்களுக்கு இதே கதைதான், ஏனெனில் டெலிகன்வெர்ட்டரின் முன்கண்ணாடி துருத்திக்கொண்டு லென்ஸின் பின்புறத்தில் இடிக்கும். ஆகவே பிற நிறுவனத்தின் டெலிகன்வெர்ட்டரைத்தான் வாங்க வேண்டியிருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒன்றை, 2 எக்ஸ், வாங்கினேன். எஃப்/11 ஆகிவிட்டதால் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித்தேடிக் களைத்துப்போகும். கையால் ஃபோகஸ் செய்யலாம் என்றால் வியூஃபைண்டர் இருட்டு. டி7200 போன்ற, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி கொண்ட டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் ஃபோகஸ் அமைப்பு எஃப்/5.6 வரை எல்லாப் புள்ளிகளிலும் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. எஃப்/8இல் டி7200க்கு நடுப்புள்ளி ஒன்று மட்டுமே மிஞ்சும். அதற்கு அப்பால் உறுதியில்லை. இரண்டு மாதத்தில் அந்த 2 எக்ஸை அலமாரியில் வைத்தேன். வெட்டிப் பெரிதாக்கிய படம் அதைவிட நன்றாக இருந்தது என்பதே உண்மை.

இரண்டாவது வழி, டெலிகன்வெர்ட்டரை உண்மையிலேயே தகுதியான இடத்தில் வைப்பது: 300 மி.மீ. எஃப்/4 ஒற்றைக் குவிய லென்ஸும் 1.4 எக்ஸும். 2015இல் நிக்கான் கொண்டுவந்த 300 மி.மீ. எஃப்/4இ பிஎஃப் லென்ஸின் எடை 755 கிராம். டிசி-14இ III டெலிகன்வெர்ட்டர் 190 கிராம். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குள், 420 மி.மீ. எஃப்/5.6. கிராப் சென்சாரில் பார்வைக் கோணம் 35 மி.மீ. பிலிம் அளவில் 630 மி.மீ.க்கு ஒப்பானது, எல்லா ஃபோகஸ் புள்ளிகளும் வேலை செய்யும், லென்ஸின் கூர்மை டெலிகன்வெர்ட்டரைத் தாங்கும். வெளிச்சம் குறைந்த காலையில் அதைக் கழற்றிவிட்டு எஃப்/4இல் எடுக்கலாம். பைக்கில் போய்வருபவருக்கும் பிச்சாவரம் படகுக்கும் இதைவிடப் பொருத்தமான கூட்டணியை நான் பார்த்ததில்லை. குறை ஒன்று உண்டு: ஜூம் கிடையாது. அருகில் வந்துவிட்ட கூழைக்கடாவின் இறக்கை நுனியை வெட்டிய படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. இன்னொரு குறை, ஊசுட்டேரிக்கு 420 எட்டாது.

மூன்றாவது வழி, டெலிகன்வெர்ட்டரையே மறந்துவிட்டு நீளமான ஜூம் வாங்குவது. நிக்கான் 200–500 மி.மீ. எஃப்/5.6, சிக்மா 150–600 கன்டெம்பரரி, டாம்ரான் 150–600 ஜி2 ஆகிய மூன்றுமே இந்த வகை. நிக்கான் ஜூமின் எடை 2.3 கிலோ, சிக்மாவும் டாம்ரானும் இரண்டு கிலோவை ஒட்டி நிற்பவை. 600 என்ற எண் கண்ணை இழுக்கும். ஆனால் 500 எஃப்/5.6இன் வாய்விட்டம் 89 மி.மீ., 600 எஃப்/6.3இன் விட்டம் 95 மி.மீ. என்பதால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எண்கள் காட்டுவதைவிடக் குறைவு. 150–600 ஜூம்களில் 1.4 எக்ஸ் போட்டால் எஃப்/9 ஆகிவிடும், டி.எஸ்.எல்.ஆரில் அந்தக் கதவு மூடியதாகவே கொள்ள வேண்டும். 200–500இல் போட்டால் 700 மி.மீ. எஃப்/8, நடுப்புள்ளி மட்டும். ஊசுட்டேரியில் ஜனவரிக் காலை ஏழு மணியிலிருந்து எட்டரை மணி வரை, அசையாத பறவைக்கு என்ற அளவில் பயன்படும். எடையைக் குறித்து நான் இளைஞர்களிடம் கண்டிப்பாகச் சொல்வது: கடையில் இரண்டு நிமிடம் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வீட்டில் இரண்டரை லிட்டர் தண்ணீர்க் கேனைக் கண் உயரத்துக்குத் தூக்கி ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். முக்காலி இல்லாதவர்கள் பழைய துணிப்பையில் அரிசியோ பயறோ நிரப்பிக் கரைச் சுவரின்மேல் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தாலே பெரும் வேறுபாடு தெரியும்.

கேனான் வைத்திருப்பவர்களுக்கு இதே இடத்தில் 100–400 எல் II நிற்கிறது. 2014இல் வந்த அந்த லென்ஸ் ஒரு மீட்டருக்குள்ளேயே ஃபோகஸ் ஆகும். தும்பியும் தேன்சிட்டும் பருந்தும் ஒரே லென்ஸில் அடங்கும். அதைவிட மலிவாகப் பழைய சந்தையில் கிடைக்கும் 400 மி.மீ. எஃப்/5.6 எல், 1993இல் வந்தது, 1.25 கிலோதான், அதிர்வுத் தடுப்பு இல்லை என்பதால் இருட்டில் உதவாது, ஆனால் பறக்கும் பறவைக்கு 1/2000 வைக்கும்போது அதிர்வுத் தடுப்பு இல்லாதது ஒரு குறையே அல்ல.

நான்காவது வழி மிரர்லெஸுக்கு, அதாவது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமராவுக்கு, மாறுவது. அந்த இளைஞருக்கு இது பட்ஜெட்டுக்கு அப்பால். எனினும் புதிதாகத் தொடங்குபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனெனில் டெலிகன்வெர்ட்டர் பற்றிய பழைய தடைகளில் ஒன்று இங்கே தளர்ந்துவிட்டது. ஃபோகஸ் சென்சாரிலேயே நடப்பதால் எஃப்/9இலும் எஃப்/11இலும் அது வேலை செய்கிறது, டி.எஸ்.எல்.ஆரில் டெலிகன்வெர்ட்டர் போட்டும் போடாமலும் தனித்தனியே செய்ய வேண்டியிருந்த ஃபோகஸ் திருத்தமும் தேவையில்லை. சோனி 200–600 மி.மீ., நிக்கான் இசட் 180–600 மி.மீ. இரண்டும் ஜூம் செய்யும்போது நீளாத உள்ஜூம் லென்ஸ்கள், 1.4 எக்ஸில் 840 மி.மீ. எஃப்/9 ஆகும். கேனான் ஆர்எஃப் 200–800 மி.மீ. எஃப்/6.3–9, 2023இல் வந்தது, இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும். டெலிகன்வெர்ட்டரின் வேலையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் லென்ஸ் என்று அதைச் சொல்லலாம். அதன் 800 எஃப்/9 முனையின் வாய்விட்டம் 89 மி.மீ., நம் 200–500இன் விட்டமேதான்.

இங்கேயும் சில பொறிகள் உண்டு. கேனான் ஆர்எஃப் 100–500இல் டெலிகன்வெர்ட்டரைப் பொருத்த வேண்டுமானால் ஜூமை 300க்கு மேல் நீட்டியே வைக்க வேண்டும். 100 முதல் 300 வரையிலான பகுதி அப்போது இல்லை என்றே பொருள். சோனி கேமராக்களுக்கென வரும் சிக்மா 150–600இல் டெலிகன்வெர்ட்டர் போட வழியில்லை. மலிவும் இலகுவும் என்று பலரைக் கவரும் கேனானின் 600 மி.மீ. எஃப்/11 லென்ஸ் 930 கிராம், 800 மி.மீ. எஃப்/11 லென்ஸ் 1.26 கிலோ, துளை மாறாது, சில கேமராக்களில் ஃபோகஸ் நடுப்பகுதிக்குள் மட்டுமே நடக்கும். 800இன் மிகக் குறைந்த ஃபோகஸ் தொலைவு 6 மீட்டர் என்பதால் கொல்லைப்புறத்துத் தேன்சிட்டுக்கு அது ஆகாது. ஜனவரி, பிப்ரவரி மாதத் தெளிந்த வெயிலுக்கு அவை நல்லவை. ஐப்பசி, கார்த்திகை மேகத்துக்கு அல்ல. 600 எஃப்/11இன் வாய்விட்டம் எவ்வளவு என்று பாருங்கள்: 54.5 மி.மீ. 70–300இல் 2 எக்ஸ் போட்டபோது கிடைத்த அதே எண். வேறுபாடு, இது தொடக்கத்திலேயே 600ஆக வடிவமைக்கப்பட்டதால் கூர்மை கெடவில்லை, ஃபோகஸும் தடுமாறவில்லை.

600 எஃப்/4 போன்ற பெரும் லென்ஸ்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 150 மி.மீ. வாய், 1.4 எக்ஸ் போட்டாலும் எஃப்/5.6, டெலிகன்வெர்ட்டர் உண்மையில் பொருந்துவது இவற்றை வைத்திருப்பவர்களுக்குத்தான். ஆண்டுக்கு ஒருமுறை சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

பழைய சந்தையில் வாங்குபவர் நம் கடற்கரைப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. கைப்பேசியின் டார்ச்சை லென்ஸின் ஒருபுறம் சாய்வாக அடித்து மறுபுறமிருந்து பார்த்தால், சிலந்தி நூல்போல ஓரத்திலிருந்து படர்ந்திருப்பது தெரியும். டெலிகன்வெர்ட்டரின் சிறு கண்ணாடிகளிலும் இதைப் பார்க்க வேண்டும், அங்கே பலர் பார்ப்பதில்லை. வாங்கிய பிறகு, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லுடன் வைத்தால் போதும். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்து உடனே ஏரிக் கரைக் காற்றில் திறந்தால் கண்ணாடி முழுதும் வியர்த்துவிடும் என்பதால் பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டு வையுங்கள். இணைப்புகள் கூடக்கூட உப்புக் காற்று நுழையும் வாசல்களும் கூடுகின்றன. கடற்கரையில் நின்று டெலிகன்வெர்ட்டரைக் கழற்றி மாட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

என் தீர்ப்பைக் கேட்டால் வரிசை இதுதான்: முதலில் லென்ஸ், அதன்பின் அதைத் தாங்க ஒரு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி), கடைசியில்தான் டெலிகன்வெர்ட்டர், அதுவும் எஃப்/4 லென்ஸ் வைத்திருப்பவருக்கும், மிரர்லெஸில் எஃப்/5.6 முதல் 6.3 வரை வைத்திருப்பவருக்கும் மட்டும், 1.4 எக்ஸ் மட்டும். 2 எக்ஸை இந்தப் பகுதியின் கானலிலும் மேகத்திலும் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த இளைஞர் 300 எஃப்/4க்கும் 200–500க்கும் நடுவே ஒரு வாரம் ஊசலாடினார். பிச்சாவரத்துக்கு எத்தனை முறை போவாய், ஊசுட்டேரிக்கும் பாகூருக்கும் எத்தனை முறை என்று கேட்டேன். ஏரிகள்தான் ஞாயிறுதோறும் என்றார். 70–300ஐ விற்றுவிட்டு, கைமாறிய 200–500 ஒன்றை வாங்கினார். இருந்தாலும் டெலிகன்வெர்ட்டர் ஆசை அவரைவிட்டுப் போகவில்லை என்பதால், ஜனவரியில் ஒரு ஞாயிறு என்னுடைய 1.4 எக்ஸைக் கொடுத்து ஊசுட்டேரிக் கரையில் ஒரு சோதனை செய்தோம். காலை ஏழேகாலுக்கு, மரக்கிளையில் உட்கார்ந்திருந்த ஒரே கூழைக்கடாவை, மோனோபாடில் வைத்து, டெலிகன்வெர்ட்டர் இல்லாமல் பத்துப் படமும் அதைப் போட்டுப் பத்துப் படமும் எடுத்தார். ஒன்பது மணிக்கு அதே பறவை, அதே கிளை, மீண்டும் இருபது. வீட்டுக்கு வந்து, டெலிகன்வெர்ட்டர் இல்லாத படங்களை வெட்டி ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எது எது என்று எழுதாமல் கலைத்துப் போட்டுப் பார்த்தோம். ஏழேகால் மணிப் படங்களில் மூன்றை, கண்ணைச் சுற்றியுள்ள தோல் மடிப்பைக் கொண்டு, இது டெலிகன்வெர்ட்டரில் எடுத்தது என்று சரியாகப் பிரித்தோம். ஒன்பது மணிப் படங்களில் ஒன்றைக்கூடப் பிரிக்க முடியவில்லை.